சாமிக்குச் சிகரெட் கிடையாது

நவம்பர் 8, புதன்

டாக்டர் ஹேமலதா என்னை டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் பேனாவை எடுத்துவிட வேண்டுமாம். பேனா பிடித்த கை சிகரெட் பிடிக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நான் எழுதுவது வலது கையால், சிகரெட் பிடிப்பது இடது கையால் என்று அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு படித்தவரை முதல் நாளே மனம் நோகச் செய்வானேன்.

இது உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஒரு யோசனை போட்டிருக்கிறார்கள். இன்றைய யோசனை, குருத்துப்பூச்சியை ஒழிப்பது பற்றி.

விஷயத்துக்கு வருகிறேன். இடது காலின் சுண்டுவிரல் கொஞ்ச நாளாக நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. செருப்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். விசாலாட்சி விடவில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் காலில் ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து, ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். முட்டியில் நன்றாகக் கேட்டது. கணுக்காலில் யாரோ அடுத்த அறையில் நடப்பதுபோலக் கேட்டது. சுண்டுவிரலில் ஒன்றுமே கேட்கவில்லை.

"எவ்வளவு வருஷமா குடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"காலேஜ்லேர்ந்து."

"புகையால கால் ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிருச்சு. இனிமே குடிச்சா இந்த விரல் போயிரும். அப்புறமும் குடிச்சா கால் போயிரும். மாத்திரை எழுதித் தர்றேன், ஆனா நீங்க நிறுத்தாம அது வேலை செய்யாது."

அதற்குப் பிறகும் செருப்பு, சாக்ஸ், வெந்நீர் என்று நிறையச் சொன்னார். விசாலாட்சி அப்போது கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மனம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்த பெட்டிக்கடையில் இருந்தது.

வெளியே வந்து கடைசி சிகரெட்டைக் குடித்தேன். கடைசி என்பதால் இரண்டு.

நவம்பர் 9, வியாழன்

விட்டாயிற்று. இவ்வளவு சுலபமான காரியத்தைத்தான் உலகம் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

நவம்பர் 10, வெள்ளி

நேற்று எழுதியது காலை ஏழு மணிக்கு எழுதியது. டைரியைக் காலையில் எழுதக் கூடாது.

என் ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு நேரெதிரே சேக்தாவூது பாயின் டீக்கடை. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் பாய் தெரிவார். பாய்க்குப் பின்னால் அடுக்கிவைத்த சிகரெட் பெட்டிகள் தெரியும். பேனர் அச்சாகிக்கொண்டிருக்கும்போது மனிதன் என்ன செய்வான்? ரோட்டைக் கடந்து போவான்.

மருந்துக்கடையில் நிக்கோட்டின் மிட்டாய் வாங்கினேன். அதை மென்றால் ஆசை போய்விடும் என்றார்கள். மென்றேன். வாய் எரிந்தது. எரிச்சலை ஆற்ற டீ குடிக்கப் போனேன். டீ குடித்தால் சிகரெட் குடிக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆக இதற்கு முழுப் பொறுப்பும் மிட்டாய்க் கம்பெனியினுடையது.

ஏலக்காய், கிராம்பு, கேரட், சூயிங்கம் எல்லாவற்றையும் விசாலாட்சி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கேரட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தேன். பேனர் வாங்க வந்தவர் முயல் வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நாங்கள் கொண்டாடுவதில்லை. என் தந்தை காலத்திலிருந்து எங்களுடையது கடவுள் இல்லாத வீடு. எனக்குப் பகலவன் என்று பெயர் வைத்ததே பஞ்சாங்கம் பார்க்காமல்தான். ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தில் நான் துணைச் செயலாளர். பலகாரம் வந்தால் சாப்பிடுவோம், அதில் கொள்கைச் சிக்கல் எதுவும் இல்லை.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வெடி வெடித்த இடத்தில் போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். புகை புகைதானே. விசாலாட்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.  அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 14, செவ்வாய்

கோவிந்தராசு அண்ணன் கடைக்கு வந்தார். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஐயப்பன் குழுவுக்கு அவர்தான் குருசாமி. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அவர் குழுவின் பேனர் நான்தான் போடுவேன். நடுவில் ஐயப்பன், சுற்றிலும் வட்ட வட்டமாகக் குழுவினர் முகங்கள். நான் கடவுளை நம்பாதவன். ஆனால் சதுர அடிக் கணக்கில் எல்லாக் கடவுளையும் அச்சடிப்பேன்.

வருஷம் முழுக்கப் பெட்டி பெட்டியாக ஊதுகிறவர் அண்ணன். மாலை போட்டுவிட்டால் தொட மாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய கையோடு குழு முழுக்கப் பாய் கடைக்கு வந்து புகைபோக்கி மாதிரி நிற்கும். வருஷாவருஷம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

விசாலாட்சி சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள், அண்ணனிடம் சும்மா கேட்டாள். "மாலை போட்டவங்களுக்குக் கடையில சிகரெட் குடுக்க மாட்டாங்களாண்ணே?"

"எவன் குடுப்பான்? சாமிக்குக் குடுத்த பாவம் அவனுக்குல்ல. நம்ம பாயே குடுக்க மாட்டாரு. போன வருஷம் ஒரு சாமி கேட்டதுக்குக் கரண்டிய எடுத்துட்டாரு."

"அப்படியா," என்று சொல்லி, கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு எனக்கே சொந்தமாக ஒரு யோசனை வந்தது. சொன்னால் ஊர் சிரிக்கும். இருந்தாலும் நல்ல யோசனை. இதில் நம்பிக்கை ஒன்றும் தேவையில்லை. கழுத்தில் ஒரு மாலை, அவ்வளவுதான். மற்றதை ஊரார் பார்த்துக்கொள்வார்கள்.

நவம்பர் 17, வெள்ளி

கார்த்திகை ஒன்று. மாலை போட்டுக்கொண்டேன்.

கருப்புச் சட்டை வாங்க வேண்டியிருக்கவில்லை. மன்ற ஊர்வலங்களுக்கு வைத்திருந்தது நாலு இருக்கிறது. கருப்பு வேட்டி மட்டும் புதிது. கண்ணாடியில் பார்த்தேன். மேல்பாதி கொள்கை, கீழ்ப்பாதி பக்தி.

கோயிலில் கோவிந்தராசு அண்ணன் விதிகளைச் சொன்னார். காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளியல். தரையில் படுக்கை. கவிச்சி இல்லை. கோபம் இல்லை. பொய் இல்லை. செருப்பு இல்லை. நாற்பத்தொன்பது வயதில் நான் கன்னிசாமியாம், அதாவது முதல் வருஷக்காரன்.

"செருப்பு மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"அது முக்கியம் சாமி. செருப்புப் போட்ட சாமிய ஊர்ல எவனும் சாமின்னு ஒத்துக்க மாட்டான்."

அதுவும் சரிதான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிகரெட் கொடுத்துவிடுவார்கள். செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். விசாலாட்சி அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. தாலி இல்லை, ஐயர் இல்லை, மேடையில் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோம். என்னைவிட அவள் இரண்டு வயது மூத்தவள். அதையே ஒரு சாதனையாக எத்தனையோ மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், 'என்னங்க'வை விட்டு அவள் நகரவில்லை. கல்யாணத்துக்கு முன் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. கேலி மட்டும் செய்வேன். அவளாகவே போவதை விட்டுவிட்டாள்.

இன்று அவள் என்னை முதன்முதலாக "சாமி" என்றாள். "சாமி, சாப்பிட வாங்க." சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 18, சனி

வேலை செய்கிறது. அச்சாகிக்கொண்டிருந்தது, எழுந்தேன், ரோட்டைக் கடந்தேன். பாய் என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சாமி. பால் சாப்பிடுறீங்களா, டீயா?"

"பாய், நான்தான்."

"தெரியுது சாமி."

கை தன்னால் பெட்டிகள் பக்கம் நீண்டது. பாய் ஒரு துணியை எடுத்து அந்தத் தட்டு மேலேயே போட்டு மூடினார். "அதெல்லாம் சாமி பாக்கக் கூடாது," என்றார். அங்கே புகைத்துக்கொண்டிருந்த இருவர் சிகரெட்டைக் காலில் மிதித்துவிட்டு எனக்காக நகர்ந்து நின்றார்கள். பாதிகூடக் குடிக்கவில்லை. மிதிபட்டதை நான் பார்த்த பார்வையைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்

தலைக்குள் யாரோ மர அறுப்பு மில் நடத்துகிறார்கள். மலச்சிக்கல். நேற்று சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பு இருந்தது. "சாமி கோபப்படக் கூடாது," என்றாள் விசாலாட்சி. அந்த அமைதிக்காகவே இன்னொரு தட்டைத் தள்ளலாம்.

கடையில் பெரிய தவறு. கீழத்தெருவில் ஒருவர் இறந்துபோனார். பாய் கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து புகைக்கிறவர்தான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வீட்டார் கொடுத்த போட்டோவில் கையில் சிகரெட் இருந்தது. அதை அழித்துவிட்டு ரோஜாப்பூ வைக்கச் சொன்னார்கள். ரோஜாவை நன்றாகத்தான் வைத்தேன். ஆனால் அதற்கு முன் செய்த மாநாட்டு பேனரின் வாசகத்தை மாற்ற மறந்துவிட்டேன். சாவு வீட்டு வாசலில் அவர் ரோஜாவோடு சிரிக்க, கீழே 'வருக வருக என வரவேற்கிறோம்' என்று போய் நின்றுவிட்டது.

வேறு நாளாக இருந்தால் உதைத்திருப்பார்கள். நான் மாலையோடு போய் நின்றதும், "சாமி கைத்தவறு, விடுங்கப்பா," என்றார் ஒரு பெரியவர். பாதுகாப்பான மாலை.

அந்த ஆளுக்கு என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

மன்றச் செயலாளர் தோழர் இளவழகன் வந்தார். கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்போல.

"என்னா தோழர் இது?"

"அறிவியல் சோதனை, தோழர். சமூக நெருக்கடியால ஒரு பழக்கத்த விட முடியுமான்னு பாக்குறேன்."

"நெத்தியில சந்தனம் எதுக்கு?"

"சோதனைன்னா முழுசாச் செய்யணும்ல."

அடுத்த கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசட்டும். அவர் வீட்டில் கொலு வைப்பது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 28, செவ்வாய்

பச்சைத் தண்ணீர்க் குளியலில் கால் விறைக்கிறது. சுண்டுவிரல் இருப்பதே தெரியவில்லை. முன்பு வலித்துக்கொண்டிருந்தது, இப்போது வலி இல்லை. முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சாயங்கால பஜனை. எனக்கு அதில் ஈடுபாடு ஒன்றும் கிடையாது. சளி குறைந்து நெஞ்சு திறந்திருக்கிறது, அதனால் குரல் கொஞ்சம் ஓங்கி வருகிறது, அவ்வளவுதான். இன்று சரணம் சொல்ல என்னையே முன்னால் நிற்கவைத்துவிட்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூடத்துப் புகையாக இருக்கும். நானும் அந்தப் புகைக்குக் கொஞ்சம் கிட்டத்தில்தான் நின்றேன்.

டிசம்பர் 2, சனி

இன்றைக்கு நடந்ததை டாக்டர் சொன்னபடி உண்மையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து முடியவில்லை. ஒன்றே ஒன்று என்று மனம் கெஞ்சியது. பட்டுக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பஸ் ஏறி அதிராம்பட்டினம் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பஸ்ஸிலேயே சந்தனத்தை அழித்தேன். வெள்ளை வேட்டி மாற்றியிருந்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டேன். தாடிக்கு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே முஸ்லிம்கள் அதிகம், தாடி விநோதமில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை. "ஒரு ஃபில்டர்," என்றேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒன்றை உருவியும்விட்டார். கொடுக்கும் முன் என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"பஸ்ல விட்டுட்டேன்."

"ரெண்டையுமா?" துண்டை உற்றுப் பார்த்தார். உருவியதைப் பெட்டிக்குள் தள்ளினார். "மாலை போட்டுட்டு இதெல்லாம் செய்யலாமா சாமி? ஒக்காருங்க. லெமன் சோடா தாரேன், குடிச்சிட்டு ஊருக்குப் போங்க." சோடாவுக்குக் காசும் வாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்த சாமியை நல்லபடியாக பஸ் ஏற்றிவிடு என்று வேறு சொன்னார்.

ஒரு சிகரெட்டுக்காக மதநல்லிணக்கத்தையே எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது.

வெட்கத்தில் மெயின் ரோட்டு வழியே வராமல், இங்கே இறங்கி ரயில் பாதையோரமாக நடந்து வந்தேன். சீமைக்கருவை முள் ஒன்று. எங்கே குத்தியது என்றுகூடத் தெரியவில்லை, வீட்டு வாசலில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. சின்ன முள்தான்.

டிசம்பர் 5, செவ்வாய்

வலி இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

நொண்டுகிறேனாம். அண்ணன் கவனித்துவிட்டார். காலைக் காட்டச் சொன்னார். சுளுக்கு என்றேன். பொய் சொல்லக் கூடாது என்ற விதியில் சுளுக்கு வராது என்று நினைக்கிறேன்.

மஞ்சளைக் குழைத்துத் துணியால் கட்டியிருக்கிறேன். விசாலாட்சியிடம் காட்டவில்லை. காட்டினால் செருப்பைப் போடச் சொல்வாள். செருப்பைப் போட்டால் மாலையைக் கழற்ற வேண்டும். மாலையைக் கழற்றினால் எனக்கும் பாய்க்கும் நடுவே ஒரு ரோடுதான் இருக்கிறது. அந்த ரோட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. கழுத்தில் இது இருக்கும்வரை நான் குடிக்க மாட்டேன். இது இல்லாமல் என்னை நான் நம்பவில்லை. கட்டைப் பிரிக்காமல் இன்னும் சில நாள் ஓட்டிவிடலாம்.

டிசம்பர் 11, திங்கள்

ஓட்ட முடியவில்லை. காலையில் விசாலாட்சி நான் படுத்திருந்த பாயைச் சுருட்டும்போது மூக்கைச் சுளித்தாள். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அலமாரிக்கு அடியிலெல்லாம் தேடினாள். பிறகு என் காலைப் பார்த்தாள். குனிந்து கட்டைப் பிரித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

தஞ்சாவூரில் முதலில் சிறுநீர் பரிசோதனை. புகையிலையின் சுவடே இல்லை என்று டாக்டர் ஹேமலதா பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அவர் காலைப் பார்க்கும் வரைக்கும்.

"இந்தக் காலோட செருப்பில்லாம யாரு நடக்கச் சொன்னது?"

"மாலை போட்டிருக்கேன்."

"அன்னைக்கே சொன்னேனே. வீட்டுக்குள்ளகூடச் செருப்பு, சாக்ஸ், பச்சத்தண்ணி கூடாது, முள்ளு கல்லு எதுவும் படக்கூடாதுன்னு. ரெண்டு தடவ சொன்னேன். தலைய ஆட்டினீங்களே."

சொன்னாராம். எனக்கு ஞாபகமில்லை.

"சிகரெட்ட விட்டீங்க, அதனாலதான் கால் தப்பிச்சிருக்கு. விரல எடுத்தாகணும். இதுக்கு மேல ஒரு சிகரெட் குடிச்சாலும் புண்ணு ஆறாது. அப்ப முட்டிக்குக் கீழ எடுக்குற மாதிரி ஆயிரும்."

விசாலாட்சி பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "நான்தான் செருப்ப வாங்கி வெச்சேன்," என்றாள் யாரிடமோ. "எனக்குத் தெரியாது டாக்டர். அண்ணன பேசவெச்சதே நான்தான்."

என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அது என் சொந்த யோசனை. நவம்பர் 14 பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 13, புதன்

அறுவைசிகிச்சைக்கு முன் உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். மோதிரம், அரைஞாண் எல்லாம். நர்ஸ் பெண் மாலை அருகில் கையைக் கொண்டுவந்து, பிறகு இழுத்துக்கொண்டது. "சாமி, நீங்களே கழட்டிடுங்க," என்றது. நானும் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பகுத்தறிவு மன்றத் துணைச் செயலாளர், அரைமணி நேரம், ஆபரேஷன் தியேட்டர் வாசலில்.

கடைசியில் கோவிந்தராசு அண்ணன் பஸ் ஏறி வந்தார். மந்திரம் சொல்லி, "சாமி மன்னிச்சிரும்," என்று என் தலையைத் தொட்டுக் கழற்றினார். கழுத்து சில்லென்று இருந்தது.

விரல் போயிற்று. ஒரு சுண்டுவிரலை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மாலை இறங்கிய அன்றைக்கே தலைக்குள் அந்த மர மில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே வாட்ச்மேன் புகைக்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னேன், காற்றுக்காக. விசாலாட்சி ஜன்னலை மூடிவிட்டாள்.

இப்போது அவள் என்னை மறுபடி 'என்னங்க' என்கிறாள்.

டிசம்பர் 28, வியாழன்

வீட்டுக்கு வந்து சில நாள் ஆகிறது. டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பு வந்துவிட்டது. படுக்கையைத் தவிர எல்லா இடத்திலும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். புண் ஆறிவருகிறது.

இன்று காலை விசாலாட்சி குளித்துவிட்டு எங்கோ கிளம்பிப் போனாள். நல்ல சந்தர்ப்பம். கைத்தடியை எடுத்துக்கொண்டு கடையைப் பார்த்துவரலாம் என்று கிளம்பினேன். கடையைப் பார்த்தேன். பிறகு ரோட்டைக் கடந்தேன்.

"என்ன பகலவன், கால் எப்படி இருக்கு?" என்றார் பாய். எழுந்து நிற்கவில்லை. தட்டின் மேல் துணியும் இல்லை. கேட்காமலேயே டீயை வைத்து, பக்கத்தில் பழைய வழக்கப்படி ஒரு ஃபில்டரையும் வைத்தார். நான் சாமி இல்லை, வாடிக்கைக்காரன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எடுத்தேன். முட்டிக்குக் கீழே என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் உதட்டில் வைத்தேன். பாய் லைட்டரை நீட்டினார். தீ வந்தது. குனிந்தேன்.

தீ அணைந்தது. பாய் லைட்டரை மடக்கிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. என் உதட்டிலிருந்த சிகரெட்டைப் பாயே உருவிப் பெட்டிக்குள் போட்டார்.

"வாங்க சாமி," என்றார்.

திரும்பினேன். விசாலாட்சி. கருப்புச் சேலை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. பின்னால் கோவிந்தராசு அண்ணன். அவளுக்கு ஐம்பத்தொன்று, ஐம்பது தாண்டிய பெண்கள் மலைக்குப் போகலாம். மாளிகைப்புறம் என்பார்கள். என் மேடைப் பெருமை இப்படி வந்து எதிரே நிற்கும் என்று நினைக்கவில்லை.

"ரெண்டு டீ பாய்," என்றாள்.

"சாமிக்கு இந்தக் கடையில காசு கிடையாது. சார் இனிமே உங்க வீட்டு ஆளு, அவருக்கும் டீ மட்டுந்தான்," என்றார் பாய். துணியை எடுத்துத் தட்டை மூடினார். சாமி இருக்கிற வீட்டுக்குள் புகை நுழையக் கூடாதாம்; அந்த வீட்டு ஆளுக்குக் கொடுத்தாலும் பாவம் கடைக்காரருக்குத்தானாம். அண்ணன் அதை அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை, பாய் கடையில் சொன்னால் போதும்.

டீயைக் குடித்தோம். அப்போதுதான் பார்த்தேன். அவள் செருப்புப் போட்டிருக்கவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எங்கள் வீட்டில் பண்டிகை என்று இருப்பது இது ஒன்றுதான். இன்றைக்கு மகர ஜோதி என்பதால் அதுவும் முழுதாக எங்களுடையதாக இல்லை. டி.வி.யில் சரணகோஷம், அடுப்பில் பால், நடுவில் கருப்புச் சேலையோடு விசாலாட்சி. நான் அவளை 'சாமி' என்று கூப்பிடுகிறேன். கூப்பிடாவிட்டால் பால் பொங்கியதும் எனக்குக் கிடைப்பது சந்தேகம். தோழர் இளவழகன் வாழ்த்துச் சொல்ல வந்து, அவளைப் பார்த்து அவரையும் அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் குழு மலையில் இருக்கிறது. நாளை மறுநாள் இறங்கி வருவார்கள், மாலையைக் கழற்றுவார்கள், பாய் கடையில் புகை மண்டும். இவள் அவர்களோடு போகவில்லை. தாமதமாக மாலை போட்டதால் மாசி மாதப் பூஜைக்குப் போகிறாளாம்.

"மாசியோட கழட்டிருவியா?" என்றேன்.

"பங்குனியில உத்திரம் வருது. மறுபடி போட்டுக்குவேன்."

"அப்புறம்?"

"சித்திரையில விஷு."

கோயில் வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் திறக்கிறார்களாம். எத்தனை பேனர் அடித்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

காலை நீட்டி உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். பாதத்தைப் பார்த்தேன். குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் மண் ஏறியிருந்தது. பெருவிரலில் எங்கேயோ இடித்த காயம். சித்திரையில் இந்த ஊர்த் தார்ரோடு எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். மனம் தாங்கவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"நீ மலைக்குப் போ. கேலி செய்ய மாட்டேன். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும் போட்டா போதாதா? எதுக்கு மாசாமாசம்?"

அரிவாளைக் கீழே வைத்தாள். "இனிமே தொடமாட்டேன்னு சொல்லுங்க. சத்தியம்லாம் வேணாம். சும்மா வாயால சொன்னாப் போதும். பங்குனிக்குப் போடல."

சுலபமான கேள்வி. மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். வாயைத் திறந்தேன். பாய் கடைத் தட்டும், அதன் மேல் கிடக்கும் துணியும் கண்ணுக்குத் தெரிந்தன. வாயை மூடிவிட்டேன்.

அவள் கரும்பை ஓரமாக வைத்தாள். கோபமில்லை. "சரி, இருக்கட்டும்," என்றாள். "பால் பத்தாது போலிருக்கு. பாய்கிட்ட வாங்கிட்டு வந்துர்றேன்."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனாள். நான் மெத்துச் செருப்போடு வாசல் வரைக்கும் போய் நின்றேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அவள் நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.